அத்தா சுமந்து வந்த அரிசி

என் நிக்காஹ் அன்று, அதை நடத்திவைத்த காதி மாப்பிள்ளையைத் தக்லீக் வாசிக்கச் சொன்னார். நாலு மாதம் செலவுக்குக் கொடுக்காமல் விட்டுப்போனால் பெண் முறையிடலாம், உண்மையென்று தெரிந்தால் தலாக் ஆகிவிடும் என்று மாப்பிள்ளை தன் வாயாலேயே ஒப்புக்கொள்ளும் நிபந்தனை அது. "இது மலாய்க்காரங்க வழக்கம்ல, நமக்கு எதுக்கு?" என்று மாமனார் முகம் சுளித்தார். அத்தா விடவில்லை. "எனக்கு ஒத்தப் பொண்ணு. வாசிங்க மாப்ளே" என்றார். அன்றைக்கு அத்தாவை நினைத்து எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. ஒன்றரை வருடத்தில் என் வீட்டுக்காரர் கடல் தாண்டிச் சொந்த ஊருக்குக் கப்பலேறினார். கடிதம் இல்லை, காசு இல்லை. அங்கே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டார் என்று கேள்வி. டன்லப் தெரு மாடி அறையில் நானும் கைக்குழந்தையும் கிடந்தோம்.

மாதம் பிறந்தால் அத்தா அரிசியும் பால் டின்னும் சுமந்துகொண்டு படியேறுவார். வழியில் பார்த்தவரிடமெல்லாம், "மாப்ள அனுப்பிருக்காரு, மாசம் தவறமாட்டாரு" என்பார். மகளை வாழாவெட்டி என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம்!

எட்டு மாதம் பொறுத்தேன். பிறகு ஷரியா கோர்ட்டுக்குப் போனேன். சாட்சி கொண்டுவரச் சொன்னார்கள். எதிர் அறை அக்காவைக் கேட்டேன்.

"என்ன புள்ள, ஒங்கத்தாவே அவரு அனுப்புறாருன்னு சொன்னாரு லா! நான் எப்படி அல்லா மேல சத்தியம் பண்ணி இல்லேன்னு சொல்றது?"

கீழே இருந்த மளிகைக்காரரும் அதையேதான் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நேரே அத்தாவிடம் போய்க் கத்தினேன்.

"நீங்கதான் வாங்கியாந்தீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கத்தா. நான் தப்பிச்சுக்குவேன்."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "வர்றேம்மா" என்றார் கடைசியில்.

சொன்னபடி வந்தார். அதிகாரி கேட்டபோது, வாசலில் நின்ற தெருக்காரர் நாலு பேரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"மாப்பிள்ளைதான் அனுப்புறாரு" என்றார்.

மனு தள்ளுபடி. அவரை அங்கேயே விட்டுவிட்டுத் தனியாக வீட்டுக்கு நடந்தேன்.

அடுத்த மாதம் படியில் அவர் மூச்சு வாங்குவது கேட்டது. திறக்கக் கூடாது என்று கதவில் சாய்ந்து நின்றேன். அந்த அரிசியை வாங்கினால் அதுவும் அவர் அனுப்பிய கணக்காகிவிடும்; இன்னும் நாலு மாதம் நான் அந்த ஆளின் பெண்டாட்டி. உள்ளே பிள்ளை பாலுக்கு அழுதுகொண்டிருந்தது.

கதவைத் திறந்தேன்.