விரல்களைப் பார்த்தவள்

நோயாளியிடம் கெட்ட செய்தி சொல்லும்போது, அவர் சம்மதத்தோடு மாணவர்களில் ஒருவரைச் சுவரோரம் உட்காரவைப்பது என் வழக்கம். பேசக் கூடாது, எழுதக் கூடாது, செல்போனைத் தொடவே கூடாது. நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். 'இதுக்கா டாக்டருக்குப் படிக்க வந்தோம்?' என்று முகத்திலேயே கேட்பார்கள். கேட்கட்டும்.

அன்று உட்கார்ந்திருந்தவள் பெருந்துறைப் பக்கத்துப் பெண், மூன்றாம் ஆண்டு. எதிரே, பொள்ளாச்சியைத் தாண்டி ஒரு தோட்டத்திலிருந்து தனியாக வந்திருந்த அம்மா. மார்பில் புற்றுநோய். உடனே அறுவை சிகிச்சை செய்தால் பிழைத்துக்கொள்வார், விட்டால் கைமீறிவிடும். பக்குவமாகத்தான் எடுத்துச் சொன்னேன். ஆனால் எங்கள் சீமையில் மருத்துவம் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு: எதைச் சொன்னாலும் "சரிங்க" என்றுதான் பதில் வரும். அவரும் எல்லாவற்றுக்கும் "சரிங்க டாக்டரம்மா" என்றார். திங்கட்கிழமை அட்மிஷன் என்றேன். அதற்கும் சரிங்க. கும்பிட்டுவிட்டுப் போனார்.

"அவங்க வரமாட்டாங்க மேடம்" என்றாள் மாணவி.

எனக்குச் சுருக்கென்றது. எப்படித் தெரியும் என்றேன்.

"கேன்சர்னு சொன்னப்பக்கூட அவங்க கை அசையலீங்க மேடம். ஆபரேஷனுக்கப்பறம் வலது கைக்குக் கொஞ்ச நாள் வேலை குடுக்கக் கூடாதுன்னு சொன்னீங்கல்ல, அப்ப விரலை மடக்கி மடக்கிப் பாத்தாங்க. எங்கம்மா மாடு கறக்கறப்ப கை அப்படித்தானுங்க போகும்."

ஓடிப்போய்க் கூட்டிவா என்றேன். பஸ் ஏறுவதற்குள் பிடித்துவிட்டாள்.

"ஊட்டுல கறவை இருக்குதுங்களா?" என்று மாணவி கேட்டதுதான் தாமதம், அதுவரை அழாத அந்த அம்மா அழுதுவிட்டார்.

"ரெண்டு இருக்குதுங்க. வேற ஆளு கை வெச்சா ஒதைச்சுப்போடுமுங்க. பால் ஊத்தித்தானுங்க பொழப்பு. ஆனா, டாக்டரம்மாகிட்ட முடியாதுன்னு எப்படீங்க சொல்றது?"

காரமடையிலிருக்கும் அவர் தங்கை வந்து தங்கி மாடுகளைத் தன் கைக்குப் பழக்கட்டும் என்று பேசி முடித்து, தேதியை ஒரு வாரம் தள்ளினேன். சொன்ன நாளில் அந்த அம்மா வந்தார். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அந்தப் பெண்ணுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் எனக்குப் போதாது. சொல்லத் தொடங்கினால் கூச்சப்பட்டு ஓடிவிடுகிறாள்.

தையல் பிரித்த அன்று, அடுத்த வியாழக்கிழமை வந்து காட்டும்படி அந்த அம்மாவிடம் சொன்னேன்.

"அன்னைக்கு முடியாதுங்க டாக்டரம்மா. கன்னுக்குட்டியச் சந்தைக்கு ஓட்டோணும். வெள்ளிக்கிழமை வாரேனுங்க."

வெள்ளிக்கிழமை எனக்கு ஓ.பி. கிடையாது. இருந்தாலும் அவர் வாயிலிருந்து வந்த அந்த 'முடியாது' எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வரச் சொல்லிவிட்டேன்.