கல்தொட்டியில் இரண்டு ஆமைகள்

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி இருபது நிமிடம். பாதி முகம் சவரம் செய்திருந்தேன். பின்கட்டில் தண்ணீர் அலையடிக்கும் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், கல்தொட்டியில் பெரிய ஆமை சின்ன ஆமையின் பின்னங்காலைக் கவ்விக்கொண்டிருந்தது. விளக்குமாற்றுக் குச்சியால் வாயை நெம்பிப் பிரிப்பதற்குள் தண்ணீர் சிவந்துவிட்டது.

இரண்டும் என் மகளுடையவை. சுதந்திரம் வந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்த அந்தக் கோடையில், வற்றிய குளத்திலிருந்து வண்டிக்காரர் ஒருவர் எடுத்துவந்து கொடுத்தார். அவளுக்கு எட்டு வயது. இளையரசனேந்தலில் அத்தை வீட்டுக்குப் போகும்போது மூன்று தடவை சொன்னாள்: "சின்னதுக்குத் தனியா இரை போடணும்ப்பா. பெருசு அதைத் திங்க விடாது." சரி என்றேன். அந்த வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று மண்புழுக்களை ஒரே இடத்தில் கொட்டிவிட்டுச் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தேன்.

தொட்டியின் குறுக்கே பலகை ஒன்றைச் செருகினேன். நான் பத்திர ஆபீஸ் குமாஸ்தா. பக்கத்து வீட்டு அண்ணாச்சி சுவருக்கு மேலே தலையை நீட்டிச் சிரித்தார். "ஊருக்கெல்லாம் பாகப்பிரிவினை எழுதுதீரு, ரெண்டு ஆமைக்குப் பாகம் பிரிக்கத் தெரியலயே வே!"

மத்தியானத்துக்குள் பெரியது பலகையைத் தள்ளிவிட்டது. சின்னதை வெளியே எடுத்தோம்.

"கோயில் புற்றுமண் இருக்கு, பூசுங்க" என்றாள் மனைவி. "மனுசப் புண்ணையே ஆத்துது."

எங்கள் ஊரில் சிரங்குக்கும் கொப்புளத்துக்கும் அதுதான் முதல் மருந்து. என் காலுக்கும் சிறுவயதில் பூசியிருக்கிறார்கள். தண்ணீரில் விட்டால் மண் கரைந்துவிடும் என்று, அடுப்படி மூலையில் காய்ந்த அண்டாவுக்குள் ஆமையை வைத்தது நான்தான். காலையும் மாலையும் மண்ணைக் குழைத்துப் பூசினேன். மண்புழு போட்டேன். வாயில் கவ்வும், பிறகு நழுவவிட்டுவிடும். பிடிக்கவில்லை போல என்று சோறு வைத்தேன். அந்த வகை ஆமை தண்ணீருக்குள்தான் விழுங்கும் என்று பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் பிற்பாடு சொன்னார். படித்தவன் என்ற பெயர் எனக்கு. அவரிடம் அன்றே கேட்கத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை அதன் கண்கள் உள்ளே போயிருந்தன. பயந்துபோய் வாளித் தண்ணீரில் விட்டேன். நீட்டிய கழுத்தை அது உள்ளே இழுக்கவில்லை. பூசிய மண் மட்டும் மெல்லக் கரைந்து அடியில் படிந்தது. வெகுநேரம் வாளியருகிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மதிய பஸ்ஸில் அத்தையோடு மகள் வந்து இறங்கினாள். கையில் ஒரு தகர டப்பா. உள்ளே சின்னதுக்கென்று பொறுக்கிய நத்தைகள். மூடியைத் திறந்தபடியே நேரே தொட்டிக்குப் போனாள். பெரியது மட்டும் கல்மேல் ஏறி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் அழவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. டப்பாவை மூடினாள்.

"இனிமே நான் எந்த ஊருக்கும் போகலப்பா" என்றாள்.