மருமகள் அடுக்கிய வீடு

என் கையெழுத்தைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு நைனாவோடு தறியில் உட்கார்ந்தவன் நான். எழுத்து கோணிக்கொண்டு போகும். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பதில் இன்னும் தடுமாற்றம்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எங்களுக்குப் பொதட்டூர்பேட்டை. வீட்டுக்குள்ளேயே இரண்டு பவர்லூம் தறி, லுங்கி நெசவு ஓடுகிறது. கிருத்திகை வந்தால் குடும்பத்தோடு பஸ் பிடித்துத் திருத்தணி மலைக்குப் போவோம். சாமி பார்த்துவிட்டு இறங்கும்போது படி ஓரமாக உட்கார்ந்து நான் ஒரு வீடு கட்டுவேன்.

அங்கே அது வழக்கம். சொந்த வீடு வேண்டும் என்கிறவர்கள் கிடக்கிற கல்லை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வேண்டிக்கொள்வார்கள். மூன்று கல் போதும். மலையில் பாறை இடுக்கெல்லாம் அப்படி அடுக்கிய வீடுகள்தான். அடுத்தவர் அடுக்கியதை யாரும் கலைக்க மாட்டார்கள். காற்றோ குரங்கோ தள்ளினால்தான் உண்டு.

எனக்கு மூன்று கல்லோடு நிறுத்தத் தெரியாது. தட்டையான கல்லாகப் பொறுக்கிச் சுவர் வைத்து, இடுக்கில் பொடிக்கல் சொருகுவேன். புளியங்குச்சி உத்திரம், வேப்பிலைக் காம்பு சட்டம். அதன்மேல் காய்ந்த புல்லைப் பரப்பி, பறக்காமல் இருக்க மேலே இரண்டு சின்னக் கல். கதவுக்கு மரப்பட்டை. பக்கத்தில் தறி போட ஒரு கொட்டகை கட்டாயம் உண்டு. நாலு பேர் எதிரில் வாய் திறக்கவே கூச்சப்படுகிற எனக்கு, அத்தனை ஜனம் போகிற வழியில் குந்திக்கொண்டு இதைச் செய்ய மட்டும் கூச்சம் வந்ததில்லை. இறங்கிப் போகிறவர்கள் சும்மா போக மாட்டார்கள்.

"அண்ணே, மாடி எடுக்கலியா?"

"கீழ் போர்ஷன் வாடகைக்கு வுடுவீங்களா?"

என் மகன் அவர்களோடு சேர்ந்துகொள்வான். "எங்க நைனா மேஸ்திரி ரொம்ப பிஸி. அட்வான்ஸ் குடுத்துட்டுப் போங்க."

எங்களுக்கு வீடு இருக்கிறது. நான் சாமியிடம் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு அறை. மகனுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து மலையில் கட்டுகிற வீட்டில் பின்பக்கமாக ஒரு அறை சேர்த்துக் கட்டிவந்தேன். நிஜ வீட்டில் அதற்கு வழியில்லை. இரண்டு பக்கமும் அடுத்தவர் சுவர், பின்னால் சாக்கடைச் சந்து. மேலே எடுக்கலாம் என்றால் பழைய மண்சுவர், தாங்காது. தறி போக மீதி இருந்த இடத்தில் புடவையைக் குறுக்கே கட்டி, அதற்கு அந்தப் பக்கம் மகனும் மருமகளும் படுத்தார்கள். நான் வாசலில் கட்டில் போட்டுக்கொண்டேன்.

பேத்தி பிறந்த பிறகு அதுவும் முடியவில்லை. தறி ஓடும்போது குழந்தை தூக்கத்தில் உடம்பெல்லாம் தூக்கிப்போட்டு அழும். மருமகள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பாள். தறியை நிறுத்தினால் சோறு நின்றுவிடும். இது அவளுக்கும் தெரியும், அதனால் ஒரு நாளும் நிறுத்தச் சொன்னதில்லை. மகனுக்குத் திருத்தணியில் ஒரு மெக்கானிக் கடையில் வேலை. அங்கேயே வீடு பார்க்கலாம் என்று புடவைக்கு அந்தப் பக்கம் பேச்சு நடப்பது எங்கள் காதுக்கும் வந்தது. யாரும் நேராகச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

போன புரட்டாசிக் கிருத்திகை அன்று நான் வழக்கம்போலக் கட்டிக்கொண்டிருந்தேன். பின் அறைக்குச் சுவர் எழுப்பும்போது நிமிர்ந்து பார்த்தால், நாலு படி கீழே மருமகள் குழந்தையை இடுப்பில் வைத்தபடி ஒரு கையால் கல் அடுக்கிக்கொண்டிருந்தாள். மூன்று கல், அதன்மேல் ஒரு புங்க இலை. அடுக்கி முடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரே குடும்பம் ஒரே வீடுதான் கட்டும். அவள் தனியாகக் கட்டினாள். மகன் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்காமல், "டீ குடிக்கலாமா?" என்று எல்லாருக்கும் பொதுவாகக் கேட்டான். அவர்கள் இரண்டு பேரும் முன்னால் இறங்கிப் போனார்கள்.

நாங்கள் கீழே வந்து சேர்ந்ததும் என் மனைவி என் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"பாத்தீங்கல்ல?"

"ஆங்."

"துண்ட வுட்டுட்டேன்னு சொல்லிட்டு மேல போங்க. அந்தக் கல்லத் தட்டிவுட்டு வாங்க. காத்துல வுழுந்துச்சுன்னு இருக்கட்டும்."

"அடுத்தவங்க வீட்டத் தொடலாமா?"

"அடுத்தவங்க இன்னா அடுத்தவங்க? நம்ம புள்ள." பிடித்த சட்டையை அவள் விடவில்லை. "அவங்களும் போய்ட்டா அந்த வீட்டுல என்கூட பேச யார் இருக்காங்க? நீங்க பேசுவீங்களா? காலைல இருந்து உங்க தறிதான் பேசிகினு இருக்குது."

மலையில் அடுக்கினது பலிக்கும் என்று அவள் முழுதாக நம்புகிறவள். கலைத்தால் பாவம் என்பதையும் அதே அளவுக்கு நம்புகிறவள். அப்படிப்பட்டவள் கலைக்கச் சொன்னாள் என்றால் எவ்வளவு பயந்திருப்பாள் என்று எனக்குப் புரிந்தது. துண்டை விட்டுவிட்டேன் என்று மகனிடமும் மருமகளிடமும் சொல்லிவிட்டு மேலே ஏறினேன்.

மருமகளின் வீட்டை நான் தட்டவே தேவையில்லை. சரிவில், உருளுகிற சரளைமேல் வைத்திருந்தாள். நடுக்கல் ஏற்கெனவே நழுவியிருந்தது. இலையைக் காணோம். அப்படியே திரும்பிவந்து "வுழுந்துடுச்சு" என்று சொல்லியிருந்தால் அது பொய்யாகக்கூட இருந்திருக்காது. கொஞ்ச நேரம் நின்றேன். தறிச் சத்தத்துக்குத் தப்பித் தோளில் குழந்தையோடு அவள் தெருவில் நடப்பது நினைவுக்கு வந்தது. ஒரு வீட்டில் குழந்தைக்குத் தூக்கம் இல்லையென்றால் அந்த வீட்டை எவ்வளவு இறுக்கிப் பிடித்து என்ன செய்வது?

உட்கார்ந்தேன். சரளையை விரலால் ஒதுக்கி, மண் தெரியும்வரை கிளறி, அடியில் ஒரு பட்டைக்கல் பதித்தேன். அவள் வைத்த மூன்று கல்லையும் மாற்றவில்லை. அது அவள் வேண்டுதல். அசையாமல் இருக்கச் சுற்றிலும் பொடிக்கல் இறுக்கினேன். குச்சி ஒடித்து மேலே சட்டம் போட்டுப் புல் வேய்ந்தேன். பழக்கத்தில் கை தறிக் கொட்டகைக்குக் கல் எடுத்துவிட்டது. எடுத்த கல்லைத் தூர வைத்தேன்.

"மாமா, அதக் கலைக்காதீங்க மாமா."

மருமகள் குழந்தையோடு பின்னால் நின்றிருந்தாள். துண்டு என் தோளிலேயே இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் ஏறி வந்திருக்கிறாள். மூச்சு வாங்கியது. கையை எடுத்துவிட்டுச் சற்று நகர்ந்து உட்கார்ந்தேன். அவள் குனிந்து பார்த்தாள். ஒரு விரலால் சுவரைத் தொட்டு லேசாகத் தள்ளிப் பார்த்தாள். அது அசையவில்லை. என் பக்கத்தில் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டாள். குழந்தை புல்லைப் பிடுங்கப் பார்த்தது.

"வாசல் எந்தப் பக்கம் வெக்கிறது மாமா?"

"கிழக்க வெக்கலாம். ஆனா நேரா படி வருது. புள்ள தவழ ஆரம்பிச்சிட்டா. கொஞ்சம் திருப்பி வெச்சிக்கம்மா."

அவளே கதவுக்குப் பட்டை தேடி எடுத்துவந்து சாய்த்து வைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அத்தைக்கு இன்னா சொல்லுவீங்க?" என்று கேட்டாள்.

"பண்ணத சொல்றேன்."

"என்னைத்தான் திட்டுவாங்க."

"என்னையும் சேத்துத்தான்."

லேசாகச் சிரித்தாள். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவளிடம் நான் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

பஸ்ஸில் மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்து, வாய் அசையாமல், "ஆச்சா?" என்றாள்.

"ஆச்சு. விழாத மாதிரி பண்ணிட்டேன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீடு வந்து சேரும்வரை மட்டுமல்ல, அதற்குப் பிறகும் பல நாள் சாப்பாடு போடும்போதுகூட ஒரு வார்த்தை இல்லை. தட்டு வைக்கிற சத்தத்திலேயே அவள் மனது தெரிந்தது.

தை பிறந்ததும் மகன் திருத்தணியில் வாடகைக்கு வீடு எடுத்தான். பால் காய்ச்ச வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்த என் மனைவி, அன்று விடியலில் எனக்கு முன்னால் தலைக்குக் குளித்துவிட்டு நின்றாள். அங்கே போய் அடுப்படியைப் பார்த்தாள், குழாயைத் திறந்து பார்த்தாள், ஒன்றையும் நல்லது என்று சொல்லவில்லை. பால் பொங்கும்போது பேத்தி அறைக்குள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கிளம்பலாம் என்று நான் கூப்பிடப் போனபோது கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பேசாதீங்க. இத்தினி நேரமா தூங்குது. ஒரு தடவகூட தூக்கிப்போடல."

அவள் கண் கலங்கியிருந்தது. குழந்தை தானாக விழிக்கும்வரை நாங்கள் கிளம்பவில்லை.

இப்போது வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். தறி நின்றதும் வருகிற அந்த அமைதி சுலபமாக இல்லை. ஒவ்வொரு நாளும் சாயங்காலம் அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று பார்க்கிறேன். நூல் அறுந்ததைச் சொல்வேன், அதோடு முடிந்துவிடும். நேற்று அந்தப் படியில் நடந்ததை, மருமகள் சுவரைத் தள்ளிப் பார்த்ததுவரை, முழுதாகச் சொன்னேன். நடுவில் நிறுத்தி நிறுத்தித்தான் சொல்ல முடிந்தது. அவள் தார்க்குச்சியில் நூல் சுற்றுவதை விட்டுவிட்டுக் கேட்டாள். முடித்ததும், "இத அன்னிக்கே பஸ்ல சொல்றதுக்கு இன்னா?" என்றாள். பிறகு, "வாயில வரலன்னா எழுதியாவது காட்டுங்க. நான் படிச்சிக்கிறேன்" என்றாள்.

அதனால் எழுதினேன். முதலில் படிக்கப்போவது அவள்தான்.

மாசி அமாவாசை. இன்று தறிக்கு விடுமுறை.