கமலாட்சியின் ஏச்சு

விசுவமடுவில் கமலாட்சியிடம் ஏச்சு வாங்காத ஆள் கிடையாது. கச்சான் கடலை வாங்க வரும் வியாபாரி, வேலி பாயும் மாடு, கட்டின புருசன் சங்கிலி, எல்லோருக்கும் ஒரே தராசுதான். மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டித் தோட்டமாக்கியவள் அல்லவா, வாய் இல்லாவிட்டால் நரி தூக்கிக்கொண்டு போயிருக்கும்!

நாற்பது வயதுக்கு மேல் அவளுக்கு அம்மாள் வருத்தம் என்கிற அம்மை நோய் வந்தது. உடம்பெல்லாம் கொப்புளம். வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. தலைக்குத் தண்ணீர் வார்க்கும்வரை ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது என்பது ஊர் வழக்கம். கொப்புளம் காயத் தொடங்கியபோது காய்ச்சல் மறுபடி கொதித்தது. கண்கள் மேலே செருக, "பச்சைக் கதவு... ஆறு வருது... திறவுங்கோ" என்று மெல்லிய குரலில் பிதற்றினாள்.

பக்கத்து வீட்டுச் சிவரூபி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அம்மாள் கதைக்கிறா! தாயே, என்ர மகனுக்கு வெளிநாடு சரிவருமோ?" அவ்வளவுதான், முற்றம் நிறையச் சனம். யார் எதைக் கேட்டாலும் பச்சைக் கதவுதான் பதில்.

சங்கிலியும் கைகூப்பித்தான் நின்றான். அவள் அவனைப் பார்த்து, "ஐயா, நீங்கள் ஆர்?" என்று பணிவாகக் கேட்டாள். கமலாட்சியாவது, பணிவாவது! அவன் கூப்பிய கையை இறக்கினான்.

"இது அம்மாள் இல்லை. அம்மாள் எண்டால் எனக்கு நல்லா ஏசியிருப்பா. என்ர மனிசிக்கு என்னவோ நடந்திட்டுது, வழியை விடுங்கோ!"

"தண்ணி வாக்காமல் கொண்டுபோனால் தெய்வக் குற்றம்" என்று சிவரூபி மறித்தாள்.

"குற்றம் என்ர தலையில விழட்டும்" என்று சங்கிலி கமலாட்சியை அள்ளி ஓட்டோவில் ஏற்றினான்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் விளக்கினார். "கொப்புளம் போட்ட அதே வைரஸ் கிருமி மூளையையும் வீங்க வைச்சிருக்கு. அருமையாத்தான், எங்கையோ ஒருத்தருக்குத்தான் இப்படி வரும். இன்னும் பிந்தியிருந்தால் ஆளையே இழந்திருப்பியள்."

ஊசிமருந்து ஏறிக்கொண்டே இருந்தது. சங்கிலி கட்டில் காலைப் பிடித்தபடி, ஒரு வார்த்தை, ஒரேயொரு வார்த்தை ஏசிவிடடி என்று எல்லாத் தெய்வத்தையும் கும்பிட்டான். ஒருநாள் காலை அவள் கண் திறந்து அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, கச்சானைக் காட்டுப் பண்டிக்குத் தின்னக் குடுத்திட்டு இஞ்ச வந்து குந்திக்கொண்டு இருக்கிறியளோ? வெக்கமில்லை?"

"மிஸ், ஓடி வாங்கோ! ஏசுறா, என்ர மனிசி ஏசுறா!" சங்கிலி தாதியைக் கூப்பிட்டுக் குழந்தையைப் போல அழுதான்.

வீடு திரும்பிய அன்றே சிவரூபி தயங்கித் தயங்கி வந்தாள். "அக்கா, அந்தப் பச்சைக் கதவு... மகன்ர விசயமோ?"

"அது கிருமி சொன்ன வாக்கடி. இப்ப கமலாட்சி சொல்லுறன், கேள்: நீ பொங்கலுக்கு இரவல் வாங்கின என்ர பெரிய சருவச் சட்டியைக் கொண்டு வந்து தா!"

முற்றமே வெடித்துச் சிரித்தது. சங்கிலிதான் எல்லோரிலும் சத்தமாகச் சிரித்தான். அடுத்த ஏச்சு அவனுக்கே விழுந்தது.