பெருநாள் ஈரல்

என் மகள் வெளிறிப்போய் இருக்கிறாள் என்று முதலில் சொன்னது எங்கள் தில்லையடி ஒழுங்கையின் அக்கம்பக்கத்து வீட்டார்தான். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மாமிக்கு, அதாவது என் வாப்பாவின் கூடப்பிறந்தவரும் என் கணவரின் உம்மாவுமான அவருக்கு, தடுப்பூசிதான் குற்றவாளி. "ஊசி போட்ட காய்ச்சலோடதான் புள்ளட ரெத்தமெல்லாம் போயிட்டு" என்பார். காய்ச்சல் மறுநாளே இறங்கியது. மாமியின் கோபம் இறங்கவில்லை.

கிளினிக்கில் இரும்புச்சத்து மருந்து தந்தார்கள். பால் விடாத பிளேன்டீ இரும்பைச் சேரவிடாது, நிறுத்துங்கள் என்றார்கள், நிறுத்தினேன். முருங்கைக்கீரை, நெத்தலி, ஈரல் என்று ஊட்டினேன். ஈரல் என்றாலே வாயை இறுக மூடிக்கொள்வாள். "ஆ காட்டுங்க மகள்" என்று கெஞ்சியும் அதட்டியும் பழக்கினேன். கடைசியில் அவளுக்கே அது பிடித்துப்போனது. ஹஜ்ஜுப் பெருநாளில் ஆடு, மாடு அறுத்துக் குர்பான் கொடுக்கும் வீடுகளில் ஈரலைத்தான் முதலில் சமைப்பார்கள். அந்த வருடம் ஒழுங்கையில் இருந்த எல்லோரும் அதில் கொஞ்சம் என் மகளுக்கென்று கொண்டுவந்து தந்தார்கள். நான் யாரிடமும் கேட்கவில்லை.

அப்படியும் நிறம் ஏறவில்லை. ஆஸ்பத்திரியில் டொக்டர் அவளுடைய வயிற்றின் இடப்பக்கத்தை அழுத்திப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மருந்து விடாமக் குடுத்தீங்களா?"

"ஓம் டொக்டர்."

"சாப்பாட்டிலயும் குறையில்ல. இரும்புச்சத்துக் குறைவெண்டா இதுக்குள்ள ரெத்தம் ஏறியிருக்கணும். மண்ணீரலும் வீங்கியிருக்கு. ஊசிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நீங்களும் புள்ளட வாப்பாவும் சொந்தமா?"

யுத்த காலத்தில் முஸ்லிம்கள் எல்லோரும் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு இங்கே வந்தபோது எங்கள் சொந்தம் திசைக்கொன்றாய்ப் போனது. இனியும் பிரியக் கூடாது என்று மிஞ்சியவர்கள் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்து, பெண் எடுத்தார்கள். எங்கள் கலியாணத்தில் மாமி சந்தோஷத்தில் அழுதார்.

நோயின் பெயர் தலசீமியா. ஒரே குடும்பத்து வழியாய் வந்து என் இரத்தத்திலும் கணவரின் இரத்தத்திலும் பாதிப் பாதியாய் ஒளிந்திருந்து எங்களை ஒன்றும் செய்யாத அது, அவளிடம் முழுசாய்ப் போய்ச் சேர்ந்துவிட்டது. இனி அவளுக்கு இரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஏற்றுகிற இரத்தத்தோடு இரும்பும் சேரும், இதயத்தில் போய்ப் படியும். "இனி ஈரல் குடுக்க வேணாம்" என்றார் டொக்டர்.

மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்றிலிருந்து அவர் ஊசியைத் திட்டவில்லை. என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை. திட்டியிருக்கலாம்.

இந்தப் பெருநாளுக்கும் ஒழுங்கையிலிருந்து ஈரல் கறிக் கோப்பைகள் வந்தன. எப்படி வேண்டாம் என்பது? ஒவ்வொன்றையும் சிரித்துக்கொண்டு வாங்கி, அடுப்படியில் மூடி வைத்தேன். வாசனை பிடித்து மகள் ஓடி வந்தாள். இரத்தம் ஏற்றிய கையில் பிளாஸ்டர் இன்னும் ஒட்டியிருந்தது. என் முன்னால் நின்று, நான் பழக்கிய மாதிரியே, என் கெஞ்சலோ அதட்டலோ இல்லாமல் தானாகவே வாயைத் திறந்தாள்.

"உம்மா, ஆ..."

நான் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். அவள் வாயை மூடவே இல்லை.