தனுஷியா பேசாமல் இருந்த கூட்டம்

கதிரவெளியில் ஒரு காரியம் பிடிக்கவில்லை என்றால் யாரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் எழுந்து, "அப்ப இப்பிடிச் செய்வம், சரிதானே?" என்று கேட்பார். பிடித்திருந்தால் நாலா பக்கமும் "ஓம், ஓம்" என்று சத்தம் வரும். பிடிக்காவிட்டால் ஒருவர் செருப்பைப் பார்ப்பார், இன்னொருவர் கூரையைப் பார்ப்பார். தலைவரும் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த கதைக்குப் போய்விடுவார். பெண் கேட்டு வந்த வீட்டில் பேசாமல் இருந்தால் சம்மதம், சங்கத்தில் பேசாமல் இருந்தால் மறுப்பு. மனிதரின் முகத்துக்கு நேரே 'ஏலாது' என்பது அங்கே வளர்ப்புச் சரியில்லாதவர்களின் வேலை.

இதெல்லாம் வெளியாட்களுக்கு எங்கே விளங்கப்போகிறது? தோணி இழுக்கும் இடத்தில் வேலி போடவா என்று ஒரு ஹோட்டல்காரர் சங்கத்தில் வந்து கேட்டார். ஒருவரும் ஓம் சொல்லவில்லை. ஆனாலும் அடுத்த கிழமையே வேலி எழும்பிவிட்டது. அந்த அநியாயத்தை ஊர் இன்றைக்கும் வாய் ஓயாமல் திட்டுகிறது. ஹோட்டல்காரரிடம் போய்த் திட்டவில்லை, தங்களுக்குள்தான்.

தனுஷியா இந்த மரியாதையோடு வளர்ந்தவள். மீனவர் நல்லரத்தினத்தின் ஒரே மகள். தொலைத்தொடர்புப் படிப்பில் பட்டம் வாங்கி, மட்டக்களப்பில் தொழில்நுட்பம் படிப்பிக்கிறாள். சனி ஞாயிறுகளில் ஊருக்கு வந்தால் சங்கத்தின் செயலாளரும் அவள்தான்.

புயல், கடல்கோள் என்றால் கைத்தொலைபேசி எப்படிச் சத்தம் போட வேண்டும், எவ்வளவு நேரம் போட வேண்டும் என்று உலக நாடுகள் கூடி ஒரு பொது விதி எழுதிக்கொண்டிருந்தன. அந்த விதியைப் பார்த்துத்தான் கம்பனிகள் போன் செய்யும். இப்படியான கூட்டங்களில் நாட்டுக்காகப் பேசக்கூடிய நிபுணர்களை உருவாக்க அரசாங்கம் தன் செலவில் ஒரு பயிற்சி வைத்தது. மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அதற்குத் தெரிவானவள் தனுஷியா ஒருத்திதான்.

விதியின் வரைவை வாசித்ததுமே அவளுக்கு நெஞ்சு பகீரென்றது. டச் போன்கள் மட்டும் அலறினால் போதுமாம். பட்டன் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தால் சரியாம். கதிரவெளியில் எவன் டச் போனைக் கடலுக்குக் கொண்டுபோகிறான்? உப்புத்தண்ணீர் பட்டால் அது அன்றோடு சரி. நல்லரத்தினம் பட்டன் போனைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் செருகிக்கொண்டு போகிறவர். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எழுத்துத் தெரியாது. கண்ணாடி போட்டுக்கொண்டு யார் வலை இழுப்பது?

தனுஷியாவின் அம்மாவைக் கடல் கொண்டுபோன ஊர் அது. ஒருத்தர் கத்திச் சொல்லியிருந்தால் ஓடித் தப்பியிருப்பாள் என்று நல்லரத்தினம் இன்றைக்கும் சொல்வார். அதனால் பயிற்சிக்குக் கிளம்பும்போதே தனுஷியா வாக்குக் கொடுத்தாள்.

"பட்டன் போனும் கத்தணும் எண்டு அவங்கள ஒத்துக்கொள்ள வச்சிட்டுத்தான் வருவன் அப்பா."

கொழும்பில் பயிற்சி கொடுத்தவர் காத்தான்குடி பஹ்மி. இப்படியான கூட்டங்களிலேயே தலை நரைத்தவர். "அங்க வாக்கெடுப்புக் கிடையாது தங்கச்சி. எல்லாரும் ஒத்து வந்தாத்தான் முடிவு" என்றார். தனுஷியாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்படியென்றால் இது நம்முடைய சங்கம் மாதிரித்தானே!

அப்படியான கூட்டங்களில் தலைவர் ஒரு விஷயத்தை எப்படி முடித்துவைப்பார் என்பதைப் பயிற்சியின் கடைசி நாள் பின்னேரம் நடித்துப் பழகுவதாக இருந்தது. பிரதம அதிதி நேரத்தோடேயே வந்துவிட்டார். உடனே மாலை, பேச்சு, சான்றிதழ், படம் எடுப்பு, கேக். சொல்லிக்கொடுக்க வேண்டிய அந்த ஒன்றை விட்டுவிட்டு, எல்லாம் சொல்லிக்கொடுத்ததாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த விதியை முடிவாக்கும் கூட்டம் ஜெனீவாவில். அரசாங்கம் தனுஷியாவையும் பஹ்மியையும் அனுப்பியது. பஹ்மிக்குப் பக்கத்து மண்டபத்தில் வேறொரு வேலை. தனுஷியா நாட்டின் பெயர்ப் பலகைக்குப் பின்னால் தனியே உட்கார்ந்திருந்தாள். பட்டன் போனும் கத்த வேண்டும் என்று அவள் எழுதிக் கொடுத்ததை இலங்கை முன்கூட்டியே அனுப்பியிருந்தது. கூட்டத்தின் தலைவர் நரைத்த தலை அம்மையார். காலையில் இவளைத் தேடி வந்து கை கொடுத்த நல்ல மனுஷி.

"இலங்கை எழுத்து மூலம் அனுப்பிய கருத்தைப் பார்த்தோம். அதைச் சேர்க்காமல், வரைவை அப்படியே விட்டுவிடலாம் என்று நினைக்கிறோம். யாருக்காவது மறுப்பு உண்டா?"

மைக் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் எழுதிக் கொடுத்ததைத் திரும்பவும் அந்த அம்மையாரின் முகத்துக்கு நேரே சொல்வதா? தனுஷியா வாயை இறுக மூடிக்கொண்டு செருப்பைப் பார்த்தாள். தலைவர் காத்திருந்தார். மண்டபத்தில் ஒரு சத்தம் இல்லை. மெல்லத் தலையைத் தூக்கிப் பார்த்தால், அத்தனை நாட்டுக்காரரும் பேசாமல் இருந்தார்கள்! ஒருவர் கூரையைக்கூடப் பார்த்துக்கொண்டிருந்தார். தனுஷியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கதிரவெளியைக் கண்ணாலும் காணாத மனிதர்கள், எல்லாரும் நம்முடைய பக்கம்!

டக்கென்று மரச்சுத்தியல் விழுந்தது. "நன்றி. ஏற்றுக்கொள்ளப்பட்டது."

தனுஷியா திகைத்துப்போனாள். யார் ஓம் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லையே! அவள் மைக்கைத் தேடிப் பிடிப்பதற்குள் கூட்டம் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது.

தேநீர் வேளையில் பஹ்மி ஓடிவந்தார். "ஏன் தங்கச்சி, மைக்க அமத்தல்லயா நீங்க?"

"நான் மறுத்தன் சேர்."

"எப்பிடி மறுத்த?"

"பேசாம இருந்தன்."

பஹ்மியின் கோப்பை வாய்க்குப் போகாமல் நின்றது. "யா அல்லாஹ்! இஞ்ச பேசாம இருந்தா ஓம் எண்டுதான் எடுப்பாங்க."

"அப்ப அத்தின பேரும் ஓம் எண்டா சொன்ன?"

"கனபேர் அதக் கவனிச்சே இருக்கமாட்டாங்க" என்றார் பஹ்மி. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "வாற வருசம் திரும்பக் கேக்கலாம். ஆனா வாயத் திறந்து கேக்கணும். பிழை என்டயும்தான் தங்கச்சி, அதப் பழக்காம உங்கள விட்டிருக்கக்கூடா" என்றார். தனுஷியா கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

ஊருக்கு வந்தபோது நல்லரத்தினம் முற்றத்தில் கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தார்.

"என்ன புள்ள, நம்மட போன் கத்துமா?"

"இல்லப்பா. நாம கேட்டத விடுவமா எண்டு கேட்டாங்க. நான் பேசாம இருந்தன்."

அவர் முகம் மலர்ந்தது. "நல்ல வேலை செஞ்சாய். மறுகா என்ன, தள்ளி வச்சிருப்பாங்கதானே?"

"இல்லப்பா. அங்க பேசாம இருந்தாச் சம்மதமாம். விதிய அப்பிடியே முடிச்சிட்டாங்க."

நல்லரத்தினத்தின் கையிலிருந்த ஊசி நின்றது. மகளைப் பார்த்தார். வேலி இருந்த பக்கம் பார்த்தார். திரும்பவும் மகளைப் பார்த்தார்.

"அப்ப அந்த ஹோட்டல்காரன்..." என்றார். "அவன் கேட்டநேரம் சங்கத்தில ஒருத்தரும் வாயத் திறக்கல்லயே புள்ள. நாங்க ஓம் எண்டு சொன்னதாத்தானோ அவன் வேலியப் போட்டவன்?"

தனுஷியாவுக்குப் பழக்கம் வாயைக் கட்டப் பார்த்தது. அவள் விடவில்லை.

"ஓம் அப்பா" என்றாள், நேரே அவர் முகத்தைப் பார்த்து.

நல்லரத்தினம் ஊசியைக் கீழே வைத்தார். பிறகு மடியிலிருந்த பட்டன் போனை எடுத்து, பொலித்தீனைப் பிரித்து, மகளிடம் நீட்டினார்.

"தலைவருக்கு எடு. நாளைக்கு அந்த ஹோட்டல்காரனையும் வச்சிக் கூட்டம் போடச் சொல்லு. நான் கதைக்கணும்."