நான் கழற்றிய நடுக்கம்

உத்தமபாளையம் பக்கம் எங்கள் ஊருக்குக் கரண்டு வந்த 1940களில், எந்த மெஷின் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எஸ்டேட் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது தன் மின்சார ஆர்கன் வாத்தியத்தை எங்கள் மாதா கோவிலுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். திருவிழாவுக்கு முதல் நாள் நான்தான் அதற்கு இணைப்புக் கொடுத்தேன்.

கட்டையை அழுத்தினால் சத்தம் ஏறி இறங்கி நடுங்கியது. வோல்டேஜ் கோளாறு என்று நினைத்து உள்ளே பார்த்தால், ஒரு குட்டி மோட்டார் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கம்பியைக் கழற்றினேன். நடுக்கம் நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வாசிக்க வந்த மரியம் டீச்சர் இரண்டு வரியோடு நிறுத்தினார்.

"அண்ணே, துரை பங்களாவுல கேட்டப்ப சத்தத்துல இருந்த அசைவு எங்க?"

"அதைச் சரி பண்ணிட்டேன் டீச்சர்."

அவர் சிரிக்கவில்லை. கண்ணை மூடி, பாட்டின் கடைசிச் சொல்லை நீட்டிப் பாடினார். முடிகிற இடத்தில் குரல் மெல்ல நடுங்கியது. எனக்குப் புல்லரித்தது.

"இதையும் சரி பண்ணுவீகளா? இந்த நடுக்கத்துக்குத்தான் மோட்டாரே வச்சிருக்காக."

மனிதக் குரலின் நடுக்கத்தை ஒரு சக்கரத்தில் சுற்றவிட்டவனை நினைத்து மலைத்துப்போனேன். கம்பியை மாட்டினேன். ஆர்கன் அவர் குரலைப் போலவே அசைந்தது.

அப்போது உள்ளே வந்த பங்குச்சாமியார், "என்ன கோளாறு?" என்றார்.

"ஒரு கம்பி விட்டிருந்துச்சு சாமி. அண்ணன் மாட்டிட்டாக" என்றார் டீச்சர்.

மறுநாள் பூசையில் சாமியார் என் பேரைச் சொல்லி நன்றி சொன்னார்.

அன்றிலிருந்து எந்த மெஷினையும் தொடுமுன் கொஞ்ச நேரம் காதுகொடுத்துக் கேட்பேன். கம்பியைக் கழற்றியது யார் என்பதை மட்டும் சாமியாரிடம் கடைசிவரை சொல்லவில்லை, செய்த பாவங்களை அவரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூட.